பலா மூட்டில் காளான்: மரம் போச்சா?

கேள்வி, 11 ஜூன் 2023 (அருமனையிலிருந்து ஒரு வாசகர்)

மரத்து மூட்டில் (அடிமரத்தில்) பலகை மாதிரி காளான் வந்தால் அந்த மரத்தின் கதை முடிந்தது. எங்கள் மாமரத்தில் வந்தது, அடுத்த வாரமே ஆள் வைத்து வெட்டித் தள்ளிவிட்டேன். அது என்ன காளான், அதன் பெயர் என்ன என்று ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தால் மரம் நம் தலையில்தான் விழும். இல்லை என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

12 ஜூன் 2023

காரணம் சொல்ல நான் யார்? ஆனால் எனக்கும் அதே வியாதி. அதாவது எங்கள் வீட்டுப் பலாவுக்கு.

களியக்காவிளையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது வீடு. மரம் தாத்தா வைத்தது. அவருடைய கணக்கு நோட்டில் "1132 துலாம், வருக்கை ஒன்று வைத்தது" என்று இருக்கிறது. கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. வருக்கை என்றால் கெட்டிச் சுளைப் பலா. இங்கிலீஷ் கணக்கில் 1956. இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த அதே மழைக்காலம். மரமும் மாவட்டமும் ஒரே வயசு.

போன வாரம் எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்த மறுநாள், குளியலறைப் பக்கம் மூட்டில் ஒரு அரைவட்டப் பலகை கண்ணில் பட்டது. தரையிலிருந்து ஒரு சாண் உயரம். 31 சென்டிமீட்டர் அகலம், தொட்டால் மரக்கட்டை போல இருக்கிறது. மேலே காப்பி நிறம், ஓரத்தில் மட்டும் வெள்ளை விளிம்பு.

எனக்குத் தெரிந்த ஒரே மரக்காளான், தென்னையில் தஞ்சாவூர் வாடலைக் கொண்டுவருவது. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பக்கம் பரவியதால் அந்தப் பெயர். கனோடெர்மா என்பார்கள். இதுவும் அதுவாகத்தான் இருக்கும். பலாவுக்குப் பத்தடி தள்ளி 11 மூடு தென்னை நிற்கிறது. இரவு தூக்கம் இல்லை.

14 ஜூன் 2023

அவசரப்பட்டுவிட்டேன். தென்னையில் வருவதை நேரில் பார்த்தவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். அது வார்னிஷ் அடித்தது போல மினுமினுக்குமாம், செம்பழுப்பு நிறம், பல சமயம் ஒரு காம்பும் இருக்குமாம். என்னுடையதில் மினுக்கமே இல்லை. காய்ந்த சாணி வறட்டி மாதிரி மங்கலாக, வரிவரியாக இருக்கிறது.

கனோடெர்மா என்ற பெயருக்கே கிரேக்கத்தில் "பளபளக்கும் தோல்" என்றுதான் பொருள். ஆகவே இது கனோடெர்மா இல்லை. தென்னைக்கு ஆபத்து இல்லை. முற்றும்.

15 ஜூன் 2023

முற்றவில்லை. நேற்று எழுதியதும் தப்பு. கனோடெர்மா குடும்பத்தில் மினுங்காதவையும் உண்டு. பெயர் வைத்தவர் மினுங்குவதைப் பார்த்து வைத்துவிட்டார், மற்றவை பின்னால் வந்து சேர்ந்துகொண்டன. நம் ஊரில் கறுப்பாக இருப்பவனுக்கு வெள்ளைச்சாமி என்று பேர் இருப்பது போல.

அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள். மண்ணில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளைவெளேர் என்று, ஊசியால் குத்தியது போலப் பொடிப்பொடித் துளைகள். குடைக்காளானில் இருக்கும் மடிப்புத் தகடுகள் இல்லை. நகத்தால் கீறினேன். கீறிய கோடு உடனே காப்பி நிறமாக மாறிவிட்டது. சித்தப்பா மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். குச்சியை எடுத்து ஒரு பூனை வரைந்துவிட்டாள். இன்று காலையிலும் பூனை அப்படியே இருக்கிறது. மேல்நாட்டில் இந்த வகைக்கு "ஓவியக்காரர் காளான்" என்றே பெயராம். அங்கே ஆட்கள் நிலக்காட்சியெல்லாம் வரைந்து காயவைத்துச் சுவரில் மாட்டுகிறார்கள்.

19 ஜூன் 2023

ஒரு மாதமாக மரத்தடியில் இருக்கும் மரச்சீனி (மரவள்ளி) இலையெல்லாம் பழுப்புத் தூள். ரோட்டுப் புழுதி என்று என் மனைவி சொன்னாள், நானும் தலையாட்டினேன். ஆனால் மழை பெய்து ரோடே சகதியாகக் கிடக்கும்போது புழுதி எங்கிருந்து வரும்? இன்று வெள்ளைத் தாளில் துடைத்துப் பார்த்தேன். கோக்கோப் பொடி போல இருக்கிறது. காளானின் தலைமேலும் அதே பொடி.

அது அதன் வித்து. கீழ்ப்பக்கத் துளைகளிலிருந்து கொட்டுவது காற்றில் சுழன்று மேலேயும் வந்து படிகிறது. பெரிய பலகை ஒன்று நாளொன்றுக்கு மூவாயிரம் கோடி வித்து உதிர்க்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். "அவ்வளவையும் நான்தான் துடைக்கிறேன்" என்றாள் மனைவி.

மங்கலான மேல்தோல், வெள்ளை அடி, கீறினால் பழுப்பு, கோக்கோப் பொடி. இந்த நாலும் சேர்ந்தால் கனோடெர்மா என்பதுவரை உறுதி. பலகை வகையிலேயே அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு மூன்று உண்டு. அவற்றைப் பிரிக்க நுண்ணோக்கி வேண்டும். எனக்கு அவ்வளவு தேவையில்லை.

அருமனைக்காரரே, உங்கள் மாமரத்தில் வந்தது என்ன நிறம்? கீறிப் பார்த்தீர்களா? மரத்தை எரித்தாயிற்று என்று மட்டும் சொல்லாதீர்கள்.

20 ஜூன் 2023

எரித்தாயிற்றாம்.

22 ஜூன் 2023

காளானைப் பிடுங்கி எறிந்தால் போதாதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மாங்காயைப் பறித்தால் மாமரம் செத்துவிடுமா? வெளியே தெரியும் பலகை வெறும் காய். உடம்பு முழுக்க மரத்துக்குள்ளே நூல் நூலாக ஓடுகிறது. பலகை வெளியே வருவதற்குள் அது உள்ளே பல வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கும். எடுத்து எறியலாம், அடுத்த மழைக்கு இன்னொன்று வரும். எடுத்தால் எனக்கு அடையாளம்தான் போகும்.

இதையே தின்னலாமா என்று ஒருவர். பல் இருந்தால் தின்னலாம். ரெய்ஷி என்று பொடியாக விற்பது இதன் சொந்தக்காரன்தான், அதற்காக மூட்டில் வந்ததை அரைத்துக் குடிக்காதீர்கள்.

23 ஜூன் 2023

தின்கிற பேச்சு வந்ததால் கொஞ்சம் திசை மாறுகிறேன். கேரளத்துப் பாறசாலையிலிருந்து ஒரு தங்கச்சி, மாமரத்தடியில் வெள்ளையாகப் பெரிய குடைக்காளான் கூட்டமாக வந்திருக்கிறது, பறிக்கலாமா என்று கேட்கிறார். அம்மா, பறிக்காதே.

எங்கள் பாட்டி காளானை மஞ்சள் போட்டு வேகவைப்பாள். நிறம் மாறினால் விஷம், மாறாவிட்டால் கறி. வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டும் பொய். பாட்டி தப்பித்தது மஞ்சளால் அல்ல. அவள் பறித்தது கரையான் புற்றிலிருந்து வரும் இரண்டே வகை. பொடியாக அரிசி இறைத்தது போல வருமே, உங்கள் பக்கம் அரிக்கூண் என்பீர்களே, அது ஒன்று. நீளமாக வேர்போலக் காம்பு மண்ணுக்குள் இறங்கும் பெரியது இன்னொன்று. வேறு எதையும் அவள் தொட்டதில்லை.

வெள்ளைக் குடையின் தலையை வெட்டி வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி ஒரு ராத்திரி வை. காலையில் தாளில் பச்சைச் சாயல் தெரிந்தால் குளோரோஃபில்லம் என்ற வகை. புல்தரையிலும் மரத்தடியிலும் வரும், பார்க்கக் கடைக் காளான் போலவே இருக்கும், வாந்தியும் பேதியுமாக ஆளைப் புரட்டிவிடும். பச்சை வராவிட்டாலும் நல்லது என்று அர்த்தமில்லை. அது மாமரத்தை ஒன்றும் செய்யாது, மண்ணிலுள்ள மக்கைத் தின்று போய்விடும். உன் மரத்துக்குப் பயமில்லை, உனக்குத்தான் பயம்.

2 ஜூலை 2023

மூத்தாசாரி வந்தார். 70 தாண்டிய தச்சர், கையில் கொட்டாப்புளி (மரச்சுத்தி). மூட்டைச் சுற்றி ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தட்டு, காதை மரத்தோடு வைத்து. சமையலறைப் பக்கம் "டக் டக்" என்று கல்லில் அடித்த சத்தம். குளியலறைப் பக்கம், காளானுக்குப் பக்கத்தில் "தொம்". எனக்கே தெரிந்தது.

"பலாவிலதானே மிருதங்கம் கடையிறாங்க. இது நிக்கும்போதே கடைஞ்சு வச்சிருக்கு மக்களே" என்றார்.

அப்புறம் சொன்னதுதான் வேடிக்கை. "ஒரு பக்கம் காதல் போச்சு. மத்த பக்கம் நல்ல காதல் இருக்கு." வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கத்திலும் மலையாளத்திலும் மரத்தின் வைரத்துக்குக் காதல் என்று பெயர். கடைக்குப் போய் "காதல் உள்ள தடி இருக்கா" என்று கூச்சமில்லாமல் கேட்போம். வெளியே இருக்கும் வெளிறிய பாகம் வெள்ளை. பலாவில் காதல் மஞ்சள், நாளாக நாளாகத் தேன் நிறம். இந்தக் காளான் பெரும்பாலும் நடுவிலிருக்கும் காதலைத்தான் முதலில் தின்கிறது. தண்ணீர் ஏறுவது ஓரத்து வெள்ளை வழியாக. அதனால்தான் உள்ளே பொந்தாகிக்கொண்டிருக்கும்போதும் மரம் பச்சையாக, காய்த்துக் குலுங்கி நிற்கிறது. இலை நன்றாக இருக்கிறதே என்று இத்தனை நாள் நான் ஆறுதல் பட்டதில் அர்த்தம் இல்லை.

9 ஜூலை 2023

தட்டிப் பார்த்தது போதாமல் துளைபோட்டும் பார்த்துவிட்டேன். 6 மில்லிமீட்டர் கனம், ஒரு அடி நீள டிரில் பிட். மூன்று இடம். சமையலறைப் பக்கம் 19 சென்டிமீட்டர்வரை மஞ்சள் தூள் முறுக்கிக்கொண்டு வந்தது. தெற்கே 14. குளியலறைப் பக்கம் 5 சென்டிமீட்டர், அதற்கப்புறம் நுங்குக்குள் விரல் போவது போல உள்ளே போய்விட்டது. வந்த தூள் வெள்ளை, ஈரம், பஞ்சு. மூக்கில் வைத்தால் காளான் வாசனை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மத்தெக் என்ற ஜெர்மானியர், பொந்தான மரங்களில் முறிந்தவை எவை, நின்றவை எவை என்று பார்த்துச் சொன்னது: மிச்சமிருக்கும் நல்ல சுவரின் கனம், மரத்தின் ஆரத்தில் பத்தில் மூன்று பங்காவது இருக்க வேண்டும். என் மரம் நெஞ்சு உயரத்தில் 224 சென்டிமீட்டர் சுற்றளவு. ஆரம் 35, 36. அப்படியானால் சுவர் 11 சென்டிமீட்டர் வேண்டும். இரண்டு பக்கம் தேறியது, ஒரு பக்கம் தோல்வி. பள்ளிக்கூடத்தில் நான் வாங்கியதும் இதே ரிசல்ட்தான்.

11 ஜூலை 2023

துளை போட்டதற்கு இன்று வருத்தப்படுகிறேன். யாரும் என்னைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

மனிதத் தோல் போல மரத்துக்குப் புண் ஆறுவதில்லை. அழுகிய இடத்தைச் சுற்றி அது ஒரு மதில் கட்டிக்கொண்டு, மதிலுக்கு வெளியே புதிய மரத்தை வளர்த்துக்கொண்டு போகிறது. ஷைகோ என்ற அமெரிக்க வனவியலாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, 1970களில் இதை விளக்கினார். அந்த மதிலைத்தான் நான் மூன்று இடத்தில் ஓட்டை போட்டிருக்கிறேன். உள்ளே அடைபட்டிருந்ததற்கு நானே மூன்று வாசல் திறந்துவிட்டேன். தட்டியதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிலைமை ரொம்ப மோசம், முடிவெடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு துளை போடலாம்.

இன்னொன்று: அந்தப் பத்தில் மூன்று கணக்கு தண்டுக்குத்தான். வேருக்கு அதில் பதில் இல்லை.

30 ஜூலை 2023

காளான் எப்படி உள்ளே போனது என்று கேட்ட தம்பிக்கு: ஓக்கி புயல். 2017 நவம்பர் 30. அன்று இங்கே ரப்பர் தோட்டங்கள் வரிசை வரிசையாகப் படுத்ததை மறக்க முடியாது. எங்கள் பலாவில் தெற்குக் கிளை ஒன்று மூட்டோடு பிய்ந்து தொங்கியது. அந்தப் புண் வழியாகத்தான் நுழைந்திருக்க வேண்டும்.

4 ஆகஸ்ட் 2023

மேலே ஓக்கியின் மேல் பழி போட்டேன். நாலு நாளாக அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிய்ந்த கிளை 15 அடி உயரத்தில். காளான் தரையில். மூட்டில் வருவது வேர் வழியாகவோ மூட்டுக் காயம் வழியாகவோ வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

குளியலறைப் பக்கம் என்ன நடந்தது என்று யோசித்தேன். 2014இல் குளியலறை கட்டியபோது கழிவுநீர்க் குழாய்க்கு மூட்டிலிருந்து மூன்றடியில் பள்ளம் தோண்டினோம். தொடைக் கனத்தில் ஒரு வேர் குறுக்கே நின்றது. பள்ளம் தோண்டியவர் கேட்டார், "அண்ணே, வேரை வெட்டவா, குழாயைத் திருப்பவா?" திருப்பினால் இரண்டு வளைவு கூடுதல். சுமார் 400 ரூபாய். வெட்டச் சொன்னது நான். அடுத்த வருஷம் முற்றத்தில் இன்டர்லாக் கல் பதித்தபோது, தண்ணீர் வீட்டுக்குள் வராமல் இருக்க மூட்டைச் சுற்றி ஒன்றரை அடி மண் ஏற்றியதும் நான்தான். மூடு விரிந்து மண்ணில் இறங்கும் இடம் அப்போதே புதைந்துபோனது.

பாவம் ஓக்கி.

20 ஆகஸ்ட் 2023

கல்லைப் பெயர்த்தோம். மம்பட்டி வேண்டாம் என்று கையாலும் சிறு கொத்தாலும் மண்ணை எடுத்தோம். மரத்தின் பழைய மூடு வெளியே வந்தது. 2015க்குப் பிறகு முதல் தடவையாக அதற்கு வெயில். குளியலறைப் பக்கம் வெட்டிய வேரின் முனை கறுத்து, விரலால் அமுக்கினால் நீர் கசிகிறது.

ஒரு நல்ல சேதி. வேரில் மண் ஒட்டிய பழுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பழுப்பு வேரழுகல் என்று ஒன்று உண்டு, ஃபெலினஸ் நாக்சியஸ். வேரையும் மூட்டையும் சுற்றிக் காலுறை போட்டது போலப் பொருக்குப் படர்ந்து ஏறும், விளிம்பு பாலாடை நிறத்தில் இருக்கும். வேரோடு வேர் தொட்டே அடுத்த மரத்துக்குத் தாவும், பலா, ரப்பர் எதையும் விடாது. அது என்றால் அருமனைக்காரர் சொன்னதை அப்படியே கேட்டு, வேரையும் தோண்டி எடுத்திருப்பேன். பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றாரே, இதுதான் ஆகும்.

3 செப்டம்பர் 2023

தென்னைக்கு என்ன செய்வது என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. தென்னையில் காளான் பலகை வருவது பெரும்பாலும் கடைசியில். அதற்கு முன்பே மூட்டில் செம்பழுப்பு நீர் வடியும், கீழ் மட்டை தொங்கும். வருஷம் ஒரு மூட்டுக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, அதோடு டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை), 1 சதவீத போர்டோக் கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும்) 40 லிட்டர் மூட்டைச் சுற்றி ஊற்றுவது, வேர் வழியாக மருந்து கட்டுவது என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறைகள் உண்டு. இடையில் வாழை போடுவதும் நல்லது. நோய் கண்ட மூட்டிலிருந்து அடுத்ததற்குத் தண்ணீர் ஓடவிடாதீர்கள்.

இதையெல்லாம் பலாவுக்குச் செய்யலாமா என்றால், உள்ளே பொந்தான தண்டுக்குள் எந்த மருந்தும் போய்ச் சேராது. சுண்ணாம்பு, தார், சிமெண்ட் வைத்து அடைக்கச் சொன்ன அத்தனை பேருக்கும் நன்றி. சிமெண்ட் வைத்தால் உள்ளே ஈரம் நின்று காளானுக்குத்தான் வசதி.

24 செப்டம்பர் 2023

மரமேறுகிறவர்கள் இருவர் வந்து பாரத்தைக் குறைத்தார்கள். மரம் முன்பிருந்தே சமையலறைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்பது. சாயும் மரத்தை எதிர்ப்பக்க வேர்தான் கயிறு போல இழுத்துப் பிடிக்கும். அந்தக் கயிற்றைத்தான் நான் 400 ரூபாய்க்கு அறுத்தேன். வேரைத் திருப்பித் தர முடியாது, அதனால் பாய்மரத்தைச் சுருட்டுவது போல மேலே காற்று பிடிக்கும் தலையைக் குறைப்பது. உச்சியில் 8 அடி, சமையலறைமேல் நீட்டிய ஒரு கை. மொட்டையடிக்கச் சொன்னார்கள், விடவில்லை. மொட்டையடித்தால் சாப்பாட்டுக்கு இலை ஏது? மதில் கட்டவும் அதற்குச் சாப்பாடு வேண்டுமே.

மைனி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு முடிவெட்டின மாதிரி உங்க அண்ணனுக்கும் ஒரு நாள் வெட்டிவிடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

18 டிசம்பர் 2023

நேற்றிலிருந்து மழை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வெள்ளம் என்று செய்தி. இங்கேயும் விடவில்லை. இரவு முழுக்கச் சமையலறையில் யாரும் படுக்கவில்லை. விடியற்காலையில் ஒரு பெரிய முறிவுச் சத்தம். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பலா நிற்கிறது. விழுந்தது இரண்டு வீடு தள்ளி ஒரு அயனி மரம். சந்தின் குறுக்கே, கரண்டுக் கம்பியையும் இழுத்துக்கொண்டு. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

21 டிசம்பர் 2023

கரண்டு வந்தது. அந்த அயனியைப் போய்ப் பார்த்தேன். மூட்டைச் சுற்றி நாலு தரம் தேடினேன். ஒரு காளான் இல்லை, ஒரு நாய்க்குடைகூட இல்லை. சந்துக்குச் சிமெண்ட் போட்டபோது அந்தப் பக்கத்து வேரெல்லாம் வெட்டியிருக்கிறார்கள். முறிந்த முனைகள் கறுத்து, கொழகொழ என்று.

அருமனைக்காரருக்கு: காளான் வந்தால் மரம் போச்சு என்றீர்கள். காளான் வராமலே போன மரம் இது. போன மழைவரை எல்லாரும் என் மரத்தைக் காட்டிப் பயந்தோம், இதன் அடியில் பைக் நிறுத்தினோம்.

6 மே 2024

38 சக்கை (பலாப்பழம்). தலையை வெட்டியதால் பாதிக்குப் பாதி குறைவு, ஆனால் சுளை கெட்டி, வருக்கை வருக்கைதான். கேரளம் 2018இல் சக்கையை மாநிலப் பழமாக அறிவித்தது, தமிழ்நாட்டுக்கும் அதுவே மாநிலப் பழம். எல்லையில் பாறசாலைக்காரர்களோடு நாங்கள் சண்டைபோட ஒரு விஷயம் குறைந்தது.

பூனைக் காளான் ஓரத்தில் புதிய வெள்ளை விளிம்பு. 34 சென்டிமீட்டர். பூனையின் மேல் புதிய அடுக்கு வந்து வால் மறைந்துவிட்டது.

27 அக்டோபர் 2024

தெற்குப் பக்கம், போன வருஷம் ஜூலையில் நான் துளை போட்ட இடத்திலிருந்து ஒரு சாண் கீழே, வெள்ளை உருண்டை ஒன்று. எலுமிச்சை அளவு. ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

துளைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று நிரூபிக்க முடியாது என்று என்னைத் தேற்றினார்கள். தேறவில்லை.

2 பிப்ரவரி 2025

உருண்டை பலகையாகிவிட்டது. மூத்தாசாரி மறுபடி தட்டினார். தெற்கேயும் "தொம்". அதைவிடப் பெரிய விஷயம் அவர் காட்டியது: குளியலறைப் பக்கம் மூட்டைச் சுற்றி மண்ணில் பிறை வடிவத்தில் ஒரு வெடிப்பு. சும்மா வெயில் வெடிப்பு என்றேன். அவர் அதில் ஒரு ஈர்க்குச்சியைச் செருகி வைத்துவிட்டு, காற்று அடிக்கும்போது பார் என்றார். சாயங்காலம் கடல்காற்று வந்தபோது பார்த்தேன். குச்சி அசைந்தது.

சமையலறையில் அம்மா இருந்தாள். நாளையே ஆள் பார்க்கிறேன்.

16 மார்ச் 2025

நேற்று வெட்டினோம். மேலிருந்து துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்கினார்கள், ஒரு ஓடு உடையவில்லை. மரத்தில் இடிச்சக்கை (பலாப் பிஞ்சு) 22 இருந்தது. தெரு முழுக்க நேற்று துவரன் (பொரியல்).

அடிவெட்டைக் கழுவி அளந்தேன். குளியலறைப் பக்கம் நல்ல சுவர் 4 சென்டிமீட்டர், தெற்கே 8, சமையலறைப் பக்கம் 21. நடுவில் வெள்ளைப் பஞ்சு, சுற்றிக் கறுப்புக் கோடு. அந்தக் கோடுதான் மதில். தெற்கே கோடு ஒரு இடத்தில் நாக்கு நீட்டியது போல வெளியே வந்திருக்கிறது. அது என் துளையா இல்லையா என்று ஆசாரியிடம் கேட்டேன். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

அழுகல் மூன்றரை அடி உயரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் எல்லாம் காதல், மஞ்சளாக. இரண்டு கதவுக்கும் ஒரு கட்டிலுக்கும் தேறும். குளியலறைப் பக்கத்து வேர்களைத் தோண்டினால் கையோடு வந்தன, ஈரமான அட்டை போல. தண்டு இன்னும் பல வருஷம் தாங்கியிருக்கும். வேர் அடுத்த எடவப்பாதியைத் தாங்கியிருக்காது.

18 மார்ச் 2025

"2023லேயே சொன்னேனே" என்று அருமனைக்காரர் எழுதியிருக்கிறார். சொன்னீர்கள். நீங்கள் சொன்ன நாளில் வெட்டியிருந்தால் 38 சக்கையும் 22 இடிச்சக்கையும் கிடைத்திருக்காது. டிசம்பர் மழையிலும் அது நின்றது. ஆனால் இதையும் ஒப்புக்கொள்கிறேன்: காளானின் பெயரைத் தேடிய அந்த முதல் மாதத்தில் நான் வேரைத் தோண்டிப் பார்த்திருக்க வேண்டும். ஆகஸ்டில் பார்த்ததை ஜூனிலேயே பார்த்திருக்கலாம். டிரில்லையும் எடுத்திருக்க மாட்டேன்.

அந்தக் குழியில் மறுபடி பலாவோ தென்னையோ வைக்கக் கூடாது, அடிக்கட்டையிலும் மிச்ச வேரிலும் அது இன்னும் இருக்கிறது. கையில் வந்த வேரையெல்லாம் எடுத்துவிட்டு மட்டி வாழை நாலு வைத்திருக்கிறேன். பூனைக் காளானைச் சித்தப்பா மகள் அறுத்தெடுத்துக் காயவைத்திருக்கிறாள், இப்போது அவள் எட்டாம் வகுப்பு, பூனை சரியாக வரையவில்லை என்று அவளுக்கே வெட்கம்.

கழிவுநீர்க் குழாய் கசிகிறது. அதைத் திருப்பிப் போட வேண்டும். இரண்டு வளைவு, இப்போது 900 ரூபாயாம்.